டவுன் வண்டி என்று யார் சொன்னது?

கார் வாங்கலாமென்று இருக்கிறேன் என்று காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து நான்கு பேர் புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். நான்கு பேர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். “சின்ன வண்டியெல்லாம் டவுனுக்குங்க. மெட்ராஸ் டிராபிக்ல நெளிஞ்சு போறதுக்கு அது சரி. நம்ம ஊரு ரோட்டுக்கு ஒசரமா, கனமா ஒண்ணு வேணும்.” துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மருமகன் சொல்வதும் இதுதான், காரைக்காலில் கடை வைத்திருக்கும் மச்சான் சொல்வதும் இதுதான். ஷோரூமில் டை கட்டி நிற்கும் பையனுக்கு இதைச் சொல்வதற்காகவே சம்பளம்.

கம்பெனிகளும் இதையே படமாகப் போட்டுக் காட்டிக் காட்டி நம் மண்டையில் ஏற்றிவிட்டன. விளம்பரத்தில் சின்ன கார் எப்போதும் மால் வாசலில் நிற்கும். பெரிய கார் பாறை மேல் ஏறும், ஆற்றைக் கிழித்துக்கொண்டு அக்கரை போகும். காரைக்கால் மாவட்டத்தில் பாறை கிடையாது. வண்டி ஏற வேண்டிய பெரிய மேடு என்றால் அது பாலம்தான், அதற்கும் தார் போட்டிருக்கிறது.

என் கட்சி இதற்கு நேர் எதிர். சின்ன, சிக்கனமான கார் ஊர்க்காரனுக்கே உரியது. உயரமும் கனமும் வேண்டுமென்றால் டவுன்காரன் வைத்துக்கொள்ளட்டும். ஆறு வழிச் சாலையும், வண்டியை வாங்கிக்கொண்டு போய் நிறுத்திவைக்க ஆளும் அவனிடம்தான் உண்டு.

முதலில் ரோட்டைப் பார்ப்போம். வரிச்சிக்குடி கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்தது, காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. மெயின் ரோட்டில் போகிறவரை எந்த வண்டியும் வண்டிதான். திருவேட்டக்குடிப் பக்கமோ நெடுங்காட்டுப் பக்கமோ உள்ளே திரும்பினால்தான் வண்டியின் யோக்கியதை தெரியும். கிராமத்து ஒற்றைத் தட ரோட்டுக்கு இன்ஜினியர்கள் வைத்திருக்கும் தார் அகலம் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைவென்றால் 3 மீட்டர். அறுவடைச் சமயத்தில் அதிலும் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் வீட்டுக்கு வரும்போது தார் ரோடுதான் களம். நெல்லைக் கொட்டிப் பரப்பி, ஓரத்துக்குக் கல் அடுக்கி, காவலுக்கு ஓர் ஆத்தா குடையோடு உட்கார்ந்திருப்பார். வண்டிக்கென்று மிஞ்சுவது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆல்டோ கே10 காரின் அகலம் 1490 மில்லிமீட்டர். க்ரெட்டாவின் அகலம் 1790, அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். இன்னோவா கிரிஸ்டா 1830, ஃபார்ச்சூனர் 1855. பெரிய வண்டிக்காரர் ஒன்று நெல்லின் மேல் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வாய்க்கால் பக்கம் இறக்க வேண்டும். ஏற்றினால் ஆத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இறக்கினால் டிராக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

வாய்க்கால் கரை ரோடுகள் இன்னும் மோசம். எதிரே மினி பஸ் வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கரை மண் முக்கால் டன் வண்டியைத் தாங்கும் அளவுக்கு இரண்டு டன் வண்டியைத் தாங்காது. தெருவுக்குள் வந்தாலும் இதே கதைதான். ஆல்டோ நாலரை மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். முட்டுச் சந்தில், மாட்டுக்கொட்டகைக்கும் அடிபம்புக்கும் நடுவில் வண்டி திருப்பியவருக்குத்தான் அந்த நாலரை மீட்டரின் அருமை தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அகலம் சரிதாங்க, ஆனா பள்ளம் மேட்டுக்கு ஒசரம் வேணுமே?” என்பார்கள். டீக்கடைத் தரப்பின் பெரிய துருப்புச் சீட்டு இதுதான். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையிலான இடைவெளியைத்தான் உயரம் என்கிறார்கள் என்றால், கம்பெனிகள் தரும் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரகடத்தில் செய்யப்படும் ரெனோ க்விட் என்ற சின்ன காருக்கு அது 184 மில்லிமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹூண்டாய் க்ரெட்டா என்ற பெரிய காருக்கு 190. இரண்டும் நம் பக்கத்து மாவட்டத்துத் தொழிற்சாலைகள் மாதிரிதான், ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடலாம். வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர். இந்த ஆறு மில்லிமீட்டருக்காகத்தான் இருமடங்குக்கு மேல் பணம் கொடுத்துவிட்டு, ‘நம்ம ரோட்டுக்கு வேணும்ல’ என்கிறோம்.

இன்னும் வேடிக்கை, ‘மினி எஸ்யூவி’ என்று விற்கும் பல வண்டிகளின் அடித்தளமே சின்ன காருடையது என்பது. மாருதி ஃப்ராங்க்ஸ் பலேனோவிலிருந்து வந்தது. டாடா பஞ்ச் அல்ட்ரோஸின் தளத்தில் கட்டப்பட்டது. ஹூண்டாய் எக்ஸ்டருக்கு அடியில் இருப்பது ஐ10 நியாஸ் வகையறா. எல்லாவற்றிலும் இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும்தான் சுழற்றுகிறது. க்ரெட்டாவும் அப்படியே. சேற்றில் முன் சக்கரம் சுற்றினால் எஸ்யூவி என்று பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து வந்து தள்ளாது. பாறை ஏறும் விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

மழை வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழையில் நண்டலாறும் நாட்டாறும் அரசலாறும் எப்படி ஓடும் என்பதை இந்தப் பகுதிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயரமான வண்டி இருந்தால் தண்ணீரில் போய்விடலாம் என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போய்விடும், இரண்டு அடி இருந்தால் எஸ்யூவியையும் தள்ளிவிடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை வருஷாவருஷம் எச்சரிக்கிறது. முதல் அடியில் சின்ன காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் பிழைத்துக்கொள்கிறார். உயர இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்தான் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் கிடைப்பது சிரமம், தனியாக ஒரு பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் சென்னையில் கனமழை என்று அறிவிப்பு வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் சின்ன கார் மட்டுமா நின்றது?

சின்ன கார் ஓட்டுகிறவர் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று உண்டு, அதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் விதைத்து, பங்குனி, சித்திரையில் செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். நம் சக்கரம்தான் அவர்களுக்குப் போரடிக்கும் மாடு. காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. அதைக் கண்டால் சுற்றிப் போக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் சுற்றிக்கொள்வதற்கு உயரமான வண்டியிலும் அடியில் அச்சும் சைலன்சரும் இருக்கின்றன.

இப்போது டீக்கடைக்காரர்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் வெளியூர் போகலாம். சின்ன கார் டவுனுக்காகப் பிறந்தது என்கிறார்கள் அல்லவா? பிரான்ஸில் அது உழவனுக்காகப் பிறந்தது. 1930களில் சித்ரோயன் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த பியர் பூலாஞ்சே தன் இன்ஜினியர்களிடம் கேட்ட வண்டி இது: இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல், உழுத வயலில் முட்டைக் கூடையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது. போர் குறுக்கிட்டதால் தள்ளிப்போய், 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வண்டி வெளியே வந்தது. பெயர் 2சிவி. பத்திரிகைக்காரர்கள் தகர டப்பா என்று சிரித்தார்கள். உழவர்கள் வாங்கினார்கள், 1990 வரை அது உற்பத்தியில் இருந்தது. அந்த வண்டி வெளிவந்த 1948இல் காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கொடி இறங்கியது 1954 நவம்பர் 1இல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கான சொல்தா பென்ஷன், பிரெஞ்சு நாட்டுரிமை, பிரான்ஸ் மாப்பிள்ளை என்று அந்த நாட்டிலிருந்து எத்தனையோ வாங்கி வைத்திருக்கும் நாம், கிராமத்துக்குச் சின்ன வண்டி போதும் என்ற அவர்கள் புத்தியை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோம்.

ஜப்பானில் இன்னும் தெளிவு. ‘கெய்’ என்ற வகைக் கார்களுக்கு அங்கே சட்டமே அளவு வைத்திருக்கிறது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி. டோக்கியோவில் ரயில் இருக்கிறது. அதனால் அந்தக் கார்கள் அதிகம் ஓடுவது நெல் வயல்களும் குறுகிய ரோடுகளும் இருக்கும் கிராமங்களில். அங்கேயும் நெல், இங்கேயும் நெல். அங்கே உழவர் 1.48 மீட்டர் வண்டியில் வயலுக்குப் போகிறார். நம் மாருதி 800 வந்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். 1979இல் ஜப்பானில் வந்த சுசூகி ஆல்டோவின் உடல், 796 சிசி இன்ஜின். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். 2014 ஜனவரி வரை அது தயாரானது. அந்த முப்பது வருஷமும் நம் ஊர் ரோடுகள் இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத்தான் இருந்தன. பிரசவத்துக்கும், பெண் பார்க்கவும், சாவுக்கும் அந்த வண்டிதான் போய் வந்தது. ரோடு சரியான பிறகு அது போதாமல் போனது எப்படி?

“அதெல்லாம் இருக்கட்டும், உயிர் முக்கியம் இல்லையா?” என்று அடுத்த கேள்வி வரும். இது நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கனமான வண்டியும் இலேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால் இலேசான வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். இயற்பியல் யாருக்கும் சலுகை தராது. சின்ன கார் செய்த கம்பெனிகளும் நம்மை ஏமாற்றியிருக்கின்றன. 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ எல்லாமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார். ஏர்பேக் இல்லாத அந்தக் காலத்துச் சின்ன காரை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை.

ஆனால் அதே அமைப்பு 2016இல் மோதிய மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் பூஜ்யம்தான் வாங்கியது. ஸ்கார்ப்பியோவுக்கு உயரம் இல்லையா, கனம் இல்லையா? மோதிப் பார்த்த வண்டியில் ஏர்பேக் இல்லை. 2020 ஜனவரியில் டாடா டியாகோ நான்கு ஸ்டாரும் அல்ட்ரோஸ் ஐந்து ஸ்டாரும் வாங்கின. 2022இல் க்ரெட்டாவுக்குக் கிடைத்தது மூன்று. அதே வருஷம் புது ஸ்கார்ப்பியோ-என் ஐந்து வாங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். சோதனையில் தெரிவது, கம்பெனி உள்ளே எதைப் போட்டிருக்கிறது, கூட்டை எப்படிக் கட்டியிருக்கிறது என்பதுதான். வண்டியின் உயரத்தைப் பார்த்து யாரும் ஸ்டார் கொடுப்பதில்லை. முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் 2022 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். 2025இல் ஆல்டோ கே10இலேயே ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

வண்டிக்குள் இருப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ரோட்டில் சாவது யார்? 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். டிவிஎஸ் 50இல் மீன் கூடை கட்டிக்கொண்டு காளிகுப்பத்திலிருந்து வருகிறவர், ரோட்டோரம் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, இவர்கள்தான் அந்தக் கணக்கு. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்புற பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை இடித்தால், 30 அங்குலமோ அதற்கும் குறைவோ உயரமும் சரிவான முகப்பும் உள்ள வண்டி இடிப்பதைவிடச் சாவு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்கிறது. தாழ்ந்த பானெட் காலில் அடிக்கும், ஆள் மேலே சாய்ந்து விழுவார். உயர்ந்த பானெட் நெஞ்சிலும் தலையிலும் அடித்துக் கீழே தள்ளும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த உயரத்தில் இருப்பது முகம். கோழியும் ஆடும் குழந்தையும் ஒன்றாக விளையாடும் தெருவில் ‘எனக்குப் பாதுகாப்பு’ என்று நாம் வாங்குவதற்கு விலை கொடுப்பது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

அதே 2022இல் சாலைச் சாவுகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம். சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர், அதில் ஓட்டுநர்களும் உடன் வந்தவர்களும் கிட்டத்தட்டச் சரிபாதி. அந்த வருஷம் செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த ஜெர்மன் எஸ்யூவியில். பின் இருக்கையில் அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். நம் பக்கம் பெரிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து பெல்ட் போட்ட ஒருவரைக் காட்டுங்கள், நான் என் வாதத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதுகாப்புக்காகத்தான் பெரிய வண்டி என்று சொல்கிறவர், ஓசியாகக் கிடைக்கும் பாதுகாப்பை இடுப்பில் மாட்டுவதில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். காரைக்கால்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு: நம் பெட்ரோல் சல்லிசு. நாம் சேர்ந்திருக்கும் புதுச்சேரியின் வாட் வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம். வடக்கே பூவத்திலும் தெற்கே வாஞ்சூரிலும் எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகும் தமிழ்நாட்டு வண்டிகளை நாம் ஒரு மாதிரிப் புன்சிரிப்போடுதான் பார்க்கிறோம். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு இருபது தரும் சின்ன காருக்கு 500 லிட்டர். பன்னிரண்டு தரும் பெரிய வண்டிக்கு 833 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாகப் போட்டால் வருஷத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பம்பில் மிச்சம் பிடித்த சில்லறையை எங்கே விட்டோம் என்று பாருங்கள்.

அதோடு நிற்பதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 2022இல் அரசு வைத்த கட்டணம் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. டயர் என்றால் பதிமூன்று அங்குலத்துக்கும் பதினேழு அங்குலத்துக்கும் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டாலே உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். கடற்காற்றின் உப்பு எல்லா வண்டியையும் அரிக்கும், அதில் பாரபட்சம் இல்லை. ஆனால் துரு பிடித்த கதவுக்கு டிங்கரிங் செய்யவும், வாட்டர் சர்வீஸ் விட்டு அடியில் அலசவும் சின்ன வண்டிக்குச் செலவு சின்னதுதான். பெரும்பாலும் கோட்டுச்சேரி மெக்கானிக்கிடமே வேலை முடிந்துவிடும், எதற்கெடுத்தாலும் சென்சாரைப் படிக்கும் கம்ப்யூட்டருக்காகக் கும்பகோணம் போக வேண்டியதில்லை.

போகிற தூரம்தான் எவ்வளவு? மொத்த மாவட்டமும் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். பூவத்தில் புறப்பட்டு வாஞ்சூர் போனால் அவ்வளவுதான் காரைக்கால், இருபது கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். சனிக்கிழமை திருநள்ளாறு, கந்தூரிக்கு நாகூர், நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணி, அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர், துணி எடுக்கக் கும்பகோணம். இந்த இடங்களில் எதற்கும் வழியில் மலை குறுக்கிடாது. போய்ச் சேர்ந்த பிறகு நிறுத்த இடம் கிடைக்காததுதான் பாடு. சனிக்கிழமை நளன் குளத்துப் பக்கமோ, முகூர்த்த நாளில் திருக்கடையூர் சன்னதித் தெருவிலோ, சாயங்காலம் காரைக்கால் பாரதியார் சாலையிலோ மூன்றரை மீட்டர் வண்டிக்குக் கிடைக்கும் இடம் நாலேமுக்கால் மீட்டர் வண்டிக்குக் கிடைக்காது. நாலுவழிச் சாலை வந்துவிட்டதே, இனி வேகமாகப் போகலாமே என்கிறார்கள். நாலுவழிச் சாலையில் எண்பதில் போகச் சின்ன காருக்கு ஒரு குறையும் இல்லை. நூற்றிருபதில் போக வேண்டுமென்றால், மேலே சொன்ன 71.2 சதவீதத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

குடும்பம் பெரிசு என்பார்கள். பெரிய குடும்பம் எல்லாம் சேர்ந்து கிளம்புவது வருஷத்தில் ஒன்றிரண்டு முறை. அதற்கு வேன் வாடகைக்குக் கிடைக்கும், டிரைவரோடு. மற்ற நாளெல்லாம் ஏழு இருக்கை வண்டியில் ஒருவரும் ஒரு காய்கறிப் பையும்தான் போகிறார்கள். உண்மையிலேயே வீட்டில் ஆறேழு பேர், அதில் சக்கர நாற்காலியில் ஒருவர் என்றால் பெரிய வண்டி வாங்குங்கள், என் வாதம் உங்களுக்கானது இல்லை.

இத்தனையும் சொல்லி முடித்தாலும் கடைசியில் ஒன்று மிஞ்சும், அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: கௌரவம். கல்யாணப் பேச்சில் “மாப்பிள்ளை என்ன வண்டி வச்சிருக்காரு?” என்று கேட்கிறோம். பிரான்ஸிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சம்பாதித்தவர், வருஷத்துக்கு மூன்று வாரம் ஓட்டுவதற்காக ஒரு பெரிய வண்டி வாங்கி, மிச்ச நாளெல்லாம் உறை போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறார். பேட்டரி செத்துப் போகும், எலி ஒயரைக் கடிக்கும், அப்பா மாதாமாதம் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அவரே சந்தைக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போவார், இவ்வளவு பெரிய வண்டியை எடுக்க அவருக்குப் பயம். நம் யூனியன் பிரதேசத்துப் பதிவு எண்ணுக்கே இந்தக் கௌரவத்தால் ஒரு கெட்ட பெயர் உண்டு. புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்பதால், இங்கே குடியிருக்காத வசதியானவர்கள் இங்கே குடியிருப்பதாக முகவரி காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளாவில் பெரிதாக வெடித்தது. இங்கே உண்மையிலேயே குடியிருந்து, பிஒய்-02 என்ற எண்ணோடு ஆல்டோவில் போகிறவருக்கு அதில் பங்கில்லை.

கௌரவத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடவில்லை. நானோவைத் தோற்கடித்தது அதுதான். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று டெல்லியில் காட்டினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பத்து வருஷத்தில் உற்பத்தி நின்றது. மிக மலிவான கார் என்று பெயர் ஒட்டிக்கொண்டதுதான் தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். ஏழைக் கார் என்ற பெயரோடு ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்த யாருக்கும் மனமில்லை. 1998இல் வந்த சான்ட்ரோவும் சின்ன கார்தான், அதை யாரும் ஏழைக் கார் என்று விற்கவில்லை, வீட்டுக்கு வீடு போனது. ஆக, வாசலில் நிற்பதன் மதிப்பை முடிவு செய்வது விற்கிறவரின் பேச்சு. இன்றைக்கு அவர் பேச்சு மாறிவிட்டது, நாமும் மாறிவிட்டோம். 2023-24இல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் இந்த உயர வண்டிகள். ஊரே வாங்குகிறது என்பது ஒரு காரணமா? ஊரே ஏழு வருஷத் தவணையிலும் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும்: கார் எதற்கு, பஸ் இருக்கிறதே? வரிச்சிக்குடியில் கார் இல்லாத வீடுகள்தான் அதிகம், அவர்களுக்கு டவுன் பஸ்ஸும் டூவீலரும் போதுமாக இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறும்போதும், மழையில் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரி போகும்போதும்தான் போதவில்லை. அந்த நேரத்துக்கு வேண்டியது நான்கு சக்கரமும் ஒரு கூரையும் கதவும், உடனே கிளம்பும் இன்ஜினும். இந்தத் தேவையை வைத்து வண்டி தேடினால் கை தானாகச் சின்ன காரின் மேல்தான் போகும். டூவீலரில் மூன்று பேராகப் போகும் குடும்பத்துக்கு எட்டுகிற முதல் கார் அதுதான். அந்த வகையே வேண்டாம் என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனால் அடிபடுவது எஸ்யூவி வாங்குகிறவர் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பெட்ரோல் வண்டிக்கு அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 29. விலை கட்டுப்படியாகாது, அதனால் பாதுகாப்புக்குச் செலவு செய்ய முடியாது என்று கம்பெனிகள் இதுவரை சொன்ன சாக்கு இனி செல்லாது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. அதற்கு வண்டியை அனுப்புவதா வேண்டாமா என்பது இன்னும் கம்பெனியின் விருப்பம். எனவே ஷோரூம் போகும்போது ஸ்க்ரீன் எத்தனை அங்குலம், சன்ரூஃப் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இந்த மாடலை மோதிப் பார்த்தார்களா, பெரியவர்களுக்கு எத்தனை ஸ்டார், குழந்தைகளுக்கு எத்தனை, பின் இருக்கை நடுவில் உட்காருகிறவருக்கு மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? டை கட்டிய பையன் பதில் தெரியாமல் மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜரும் பேச்சைச் சன்ரூஃப் பக்கம் திருப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். காரைக்காலில் கிடைக்காத பதில் நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ அடுத்த கம்பெனியின் ஷோரூமில் கிடைக்கும்.